வாரத் தொடர்கதை: எங்கே நிறுத்துவது, எப்படித் தொடர்வது

முதல் பகுதியை எழுதுமுன் கடைசிப் பகுதியில் என்ன நடக்கிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு 12 வாரம் போதும். வாரத்துக்கு 700 முதல் 800 சொல். முதல் பகுதி அச்சேறும்போது நான்கு பகுதியாவது கையிருப்பில் இருக்கட்டும். காய்ச்சல், தீபாவளி, பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) என்று ஏதாவது குறுக்கே வரத்தான் செய்யும்.

'தொடரும்' போடும் இடத்தில்தான் தொடரின் உயிர். கதவு தட்டும் சத்தத்தோடு நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி கறிவேப்பிலை கேட்டு நிற்பதாக எழுதாதீர்கள். ஒருமுறை ஏமாந்த வாசகர், பிறகு நிஜமான திருப்பத்தையும் நம்பமாட்டார். இப்படி நிறுத்திப் பாருங்கள்: இறந்துபோன தாத்தாவின் பிஸ்கட் டின்னில் முப்பது கடிதங்கள். எல்லாம் பிரிக்கப்பட்டவை. தாத்தாவுக்கோ எழுதப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்டியது யார்? இந்தக் கேள்வி ஏழு நாள் தாங்கும். அடுத்த பகுதியின் முதல் 150 சொல்லுக்குள் பாதி பதிலைச் சொல்லிவிடுங்கள். மீதிதான் அடுத்த முடிச்சு. இழுத்தடித்தால் சலித்துப்போகும்.

இது கைவர ஒரு பயிற்சி உண்டு. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' அத்தியாயங்களின் கடைசிப் பத்தியை மட்டும் வரிசையாகப் படித்து, எது கேள்வியில் நிற்கிறது, எது செய்தியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முன்கதைச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். அதைவிட, ஆள் வரும்போதெல்லாம் உறவையும் தொழிலையும் சேர்த்துச் சொல்வது நல்லது: 'செல்வி' என்பதைவிட 'தேக்காவில் பூக்கடை வைத்திருக்கும் செல்வி அத்தை' சட்டென்று நினைவுக்கு வருவார்.

பெயர், வயது, புளோக் எண், மாடி எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். இரண்டாம் வாரம் மூன்றாம் மாடியில் இருந்தவர் ஒன்பதாம் வாரம் ஏழாம் மாடியில் இருந்தால், பகுதிகளைக் கத்தரித்து வைத்திருக்கும் வாசகர் விடமாட்டார். 1980களில் நடக்கும் கதை என்றால் இன்னும் கவனம் தேவை. அப்போது சிங்கப்பூரின் பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. வேறு மாடியில் இறங்கிப் படியில்தான் போகவேண்டும். அந்தப் படிக்கட்டில் எதிரே வருவது யார் என்பதிலேயே ஒரு வாரத்தை நிறுத்தலாம்.