வினைவேகம்: அளக்கும்போதும் விளக்கும்போதும் மதிப்பெண் நழுவும் இடங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், சனிக்கிழமைகளில் மேட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். வினைவேகம் அப்படியொன்றும் கடினமான பாடமில்லை, ஆனாலும் நன்றாகப் படிக்கிற பிள்ளையே இதில் நாலைந்து மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருகிறது. திரும்பத் திரும்ப அதே தவறுகள்தான்.

பெரியதை முதலில் சொல்கிறேன். எவ்வளவு வந்தது, எவ்வளவு வேகமாக வந்தது, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. ஒரு கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கட்டியாகப் போட்டாலும் பொடியாக்கிப் போட்டாலும், அமிலம் போதுமான அளவு இருந்தால், வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அதே 0.44 கிராம்தான். பொடி சீக்கிரம் தீர்ந்துவிடும், அவ்வளவே. வரைபடத்தில் பொடியின் கோடு செங்குத்தாக ஏறினாலும் கட்டியின் கோடு போய் நிற்கிற அதே உயரத்தில்தான் நிற்க வேண்டும். பலர் அதை உயரமாகப் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் இதே குழப்பத்தில் பிறப்பதுதான்: அமிலம் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும்போது, அதே செறிவில் இரண்டு மடங்கு ஊற்றினால் வேகம் இரட்டிக்கும் என்று எழுதுவது. செறிவு மாறவில்லை, அப்புறம் வேகம் எப்படி மாறும்?

அளப்பதில் சோடியம் தயோசல்பேட் சோதனையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குடுவைக்கு அடியில் காகிதம், அதில் ஒரு பெருக்கல் குறி. அமிலத்தை ஊற்றியதும் கந்தகம் உருவாகி, கரைசல் படிப்படியாகக் கலங்கி அந்தக் குறியை மறைக்கும், அதுவரை எத்தனை நொடி என்று பார்க்கிறோம். 50 மில்லிக்குப் பதில் 30 மில்லி தயோசல்பேட் எடுத்தால் மீதி 20 மில்லிக்குத் தண்ணீர் சேர்த்தாக வேண்டும். சேர்க்காவிட்டால் செறிவு நாம் நினைத்த அளவுக்குக் குறையாது, போதாக்குறைக்குக் கரைசலின் ஆழமும் குறைந்துவிடும், அதே கலங்கலில் குறி இன்னும் தெரிந்துகொண்டே இருக்கும். கடைசி வரை ஒரே குடுவை, பார்ப்பதும் ஒரே ஆள். ஒருவர் கண்ணுக்கு மறைந்தது இன்னொருவருக்கு மங்கலாகத் தெரியும், அந்த இரண்டு மூன்று நொடியில் கணக்கு கெட்டுப்போகும். குறித்த நேரத்தையே வேகம் என்று எழுதுவதும் தவறு. நேரம் கூடினால் வேகம் குறைகிறது, ஆகவே 1 என்ற எண்ணை நேரத்தால் வகுத்து (1/நேரம்) ஒப்பிடுங்கள்.

சராசரி வேகத்தில் கடிகாரத்தை எங்கே நிறுத்துகிறோம் என்பது முக்கியம். முதல் 30 நொடியில் 36 மில்லி வாயு, 120 நொடியில் மொத்தம் 48 மில்லி வந்து நின்றுவிட்டது என்றால் சராசரி நொடிக்கு 0.4 மில்லி, முதல் அரை நிமிடத்தில் மட்டும் 1.2. வாயு நின்ற பிறகும் 240 நொடி வரை காத்திருந்து வகுத்தால் 0.2 என்று வரும், அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒரு குறிப்பிட்ட கணத்தின் வேகம் வேண்டுமென்றால் அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து சாய்வு பார்க்க வேண்டும்.

வாயுவின் கன அளவை ஊரோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கடலோரத்தில் 25 டிகிரியில் ஒரு மோல் வாயு ஏறத்தாழ 24.5 லிட்டர். ஜோகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் சுமார் 83 கிலோபாஸ்கல்தான், அங்கே அதே ஒரு மோல் கிட்டத்தட்ட 30 லிட்டர். அங்கிருக்கும் சித்தப்பா பிள்ளை அனுப்புகிற அளவும் இங்கே நம் வீட்டுப் பிள்ளை எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் தப்பாகச் செய்திருக்க வேண்டியதில்லை. மோலாக மாற்றி ஒப்பிட்டால் சரியாகிவிடும்.

விளக்கம் எழுதும்போது "மோதல்கள் கூடும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நடக்கும் பலனுள்ள மோதல்கள், அதாவது வினையில் முடியும் மோதல்கள், கூடும், இதுதான் முழுப் பதில். வெப்பநிலை 25இலிருந்து 35 டிகிரிக்கு ஏறும்போது வாயு மூலக்கூறுகள் மோதும் எண்ணிக்கை 2 சதவீதம்கூட உயர்வதில்லை, ஆனால் கிளர்வு ஆற்றல் (வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மோலுக்கு 50 கிலோஜூல் அளவில் உள்ள வினையின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. தேவையான ஆற்றலைத் தாண்டிய மூலக்கூறுகளின் பங்கு எகிறுவதுதான் காரணம். 1889இல் ஸ்வீடன் வேதியியலாளர் அர்ரீனியஸ் இதை எடுத்துக்காட்டியது கரும்புச் சர்க்கரை அமிலத்தில் உடையும் வேகத்தை வைத்துத்தான். 1860இல் நம் முன்னோர் எந்தக் கரும்புக்காக டர்பன் இருக்கும் இந்த நேட்டாலுக்குக் கப்பல் ஏறினார்களோ, அதே சர்க்கரை. இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

"சூடாக்கினால் கிளர்வு ஆற்றல் குறையும்", "வினையூக்கி மூலக்கூறுகளுக்கு ஆற்றல் கொடுக்கும்", இரண்டும் தலைகீழ். சூடாக்கினால் மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் கூடுகிறது, தாண்ட வேண்டிய தடை அப்படியே இருக்கிறது. வினையூக்கி தடை குறைந்த வேறு வழியைத் திறக்கிறது, மூலக்கூறுகளின் ஆற்றலை அது தொடுவதில்லை. மேக்ஸ்வெல்–போல்ட்ஸ்மன் வரைபடம் (எந்த ஆற்றலில் எத்தனை மூலக்கூறுகள் என்று காட்டுவது) கேட்டால், வெப்பநிலைக்கு மேடு தாழ்ந்து வலப்பக்கம் நகரும், கிளர்வு ஆற்றல் கோடு அசையாது. வினையூக்கிக்கு மேடு அசையாது, கோடு மட்டும் இடப்பக்கம் வரும்.