பழைய பிளாஸ்டிக் டப்பா மீனுக்கு ஆகுமா?

பழைய சாமான் வாங்கி விக்கிற கரோசெல் ஆப்புல சும்மா கெடைக்குதேன்னு டப்பாவ தூக்கிட்டு வந்து நேரா மீன விட்டுடாதீங்க. அடியில முக்கோணத்துக்குள்ள இருக்குற நம்பர பாருங்க, 2, 5 ரெண்டுல ஒண்ணுன்னா எடுக்கலாம், 3 வேணாம், ஆனா முன்னாடி சோப்பு, பூச்சி மருந்து வச்சிருந்த டப்பான்னா எந்த நம்பரா இருந்தாலும் தொடவே வேணாம், பிளாஸ்டிக் அத உறிஞ்சி வச்சுக்கும், கழுவுனா போகாது. சுடுதண்ணி ஊத்தி மூடி வச்சு கொஞ்ச நேரம் கழிச்சு மோந்து பாருங்க, வாட வந்தா விட்டுடுங்க. சோப்பு இல்லாம வினிகர் போட்டு தேய்ச்சு நல்லா அலசுங்க.

நம்ம சிங்கப்பூர் பைப் தண்ணில கிருமிய கொல்ல போடுற குளோரமின் இருக்கு, ராத்திரி பூரா தொறந்து வச்சாலும் போகாது, அதையும் எடுக்குற ஆன்டி குளோரின் மருந்த தண்ணில கண்டிப்பா விடணும். பெரிய ஸ்டோரேஜ் பாக்ஸ்ல முழுசா ரொப்பாதீங்க, 40 லிட்டர்னா 40 கிலோ, பக்கம் உப்பி விரிசல் விட்டுடும். காலி டப்பாவ காரிடார்ல கவுத்தே வைங்க, தண்ணி தேங்குனா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு முட்ட போட்டுடும்.