நாய் மூட்டு மாத்திரைகளை மொத்தமாகத் தின்றுவிட்டால்: உடனே செய்ய வேண்டியவை

மலையகக் குளிரில் வயதான நாய்கள் காலையில் எழுந்து நிற்கவே சிரமப்படும். அதனால் குளுக்கோசமின், கொன்ட்ராய்ட்டின் சேர்ந்த மூட்டு மாத்திரைகள் இங்கே பல வீடுகளில் உண்டு. இறைச்சி வாசனையோடு வருவதால் நாய்க்கு அது தின்பண்டம்தான். எங்கள் நாய் போத்தலையே கடித்துத் திறந்த அன்று மிருக வைத்தியரிடம் கற்றதை எழுதுகிறேன்.

1. மிச்சத்தை எடுத்துவிட்டு, போத்தலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு நாய்கள் இருந்தால் இரண்டுமே தின்றதாகக் கொள்ளுங்கள்.

2. லேபிளைக் கடைசி வரி வரை படியுங்கள். குளுக்கோசமின் மட்டுமென்றால் பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கோடு போய்விடும். மனிதருக்கான மாத்திரையில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இருந்தால் கதை வேறு. நாயின் இரத்தச் சர்க்கரை சடுதியாக இறங்கும், ஈரலும் கெடும். வைட்டமின் டி இருந்தாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். கார்ப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளும் இதே வாசனையில் வருவதால், தின்றது எது என்று உறுதிப்படுத்துங்கள். போத்தலுக்குள் இருந்த சிறு பையையும் தேடுங்கள். சிலிக்கா ஜெல் பெரிய ஆபத்தில்லை. ஒட்சிசன் உறிஞ்சும் பையில் இருப்பதோ இரும்புத்தூள், அது நஞ்சு.

3. கணக்குப் போடுங்கள். நாங்கள் திண்டாடியது இங்கேதான். "நாயின் எடை என்ன?" என்று வைத்தியர் கேட்டதும் பதில் இல்லை. தோட்டத்து மடுவத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசில் சாக்கோடு மாட்டிப் பார்த்தோம். நாய் துள்ளத் துள்ள முள் நிற்கவே இல்லை. ஆள் ஏறி நிற்கும் தராசே மேல்: நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறிக் கழித்துவிடுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை 30 போயிருந்தால் 15,000. நாய் 15 கிலோ என்றால், கிலோவுக்கு 1,000 மில்லிகிராம். வைத்தியருக்கு வேண்டியது இந்த எண்தான்.

4. அறிகுறிக்குக் காத்திராமல் அருகிலுள்ள மிருக வைத்தியரை அழையுங்கள். பேராதனையில் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் ஹட்டன் பக்கமிருந்து வளைவுகளில் இறங்குவதற்குள் நேரம் ஓடிவிடும். வாந்தி எடுக்க வைத்துப் பயன் கிடைப்பது பெரும்பாலும் முதல் இரண்டு மணித்தியாலங்களுக்குள்தான்.

5. வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்டவே புகட்டாதீர்கள். பக்கத்து வீட்டார் எவ்வளவு வற்புறுத்தினாலும் சரி. மென்று தின்னும் வகை மாத்திரைகள் அதிகமாகப் போனால் உடல் நீரைக் குடலுக்குள் இழுத்து, இரத்தத்தில் உப்பை ஏற்றிவிடும். மேலும் உப்புக் கொடுத்தால் நடுக்கம், வலிப்பு வரை போகலாம். நஞ்சை உறிஞ்சக் கொடுக்கும் கரித்தூளும் வைத்தியர் சொன்னால் மட்டுமே. குடிக்க நல்ல தண்ணீர் வையுங்கள்.

பின்சேர்க்கை: வாந்தி நின்று நாய் சாப்பிடத் தொடங்கினால் விட்டுவிடலாமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். விடக் கூடாது. மிக அதிகமாகத் தின்ற நாய்களுக்கு ஈரல் பாதிப்பு ஓரிரு நாள் கழித்தும் தெரியவரலாம். ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையை எப்போது, எத்தனை முறை செய்வது என்று வைத்தியரிடம் கேளுங்கள். சோர்வு, பசியின்மை, ஈறில் மஞ்சள் நிறம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஈறைப் பகல் வெளிச்சத்தில், உதட்டைத் தூக்கிப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எல்லா ஈறும் ஒரே மாதிரித்தான் தெரியும்.