தப்பாவ் (பார்சல்) வாங்கிய கறியை எடுத்து வைப்பது எப்படி?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து வரும்போது ஆட்டுக்கறி தப்பாவ் செய்வது என் வழக்கம். கறி வந்த பிளாஸ்டிக் டப்பாவையே கழுவிக் கழுவி ஒரு வருடம் புழங்கினேன். ஒருநாள் மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்து எடுத்தால், மூடி வளைந்து கறிமேல் படிந்து கிடக்கிறது. டப்பாவில் எண்ணெய் நின்ற மட்டத்தில் சொரசொரவென்று ஒரு மஞ்சள் வளையம். இப்போது இப்படித்தான் செய்கிறேன்.

1. தூக்குச்சட்டி கொண்டு போங்கள். மறந்துவிட்டால், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் கறியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பையில் கட்டித் தந்த டால்ச்சாவையும் (பருப்புக் குழம்பு)தான். சூடு, எண்ணெய், புளிப்பு, நேரம் இவை கூடக்கூட பிளாஸ்டிக்கின் வேதிப்பொருள் சாப்பாட்டில் அதிகம் இறங்கும். மீன்கறியில் எல்லாமே உண்டு. ஆறிய வெறும் சோற்றுக்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம்.

2. பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண்ணைப் பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 இருந்தது. அது பாலிப்ரொப்பிலீன், சூடு தாங்கும். சரி என்று விட்டுவிட்டேன். மூடியைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. அதில் 1! தண்ணீர் போத்தல் செய்கிற பெட் பிளாஸ்டிக், சூட்டில் இளகிவிடும். டப்பாவுக்கு ஒரு எண், மூடிக்கு வேறு எண் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள். 3 (பிவிசி), 6 (பாலிஸ்டைரீன்) இரண்டிலும் சூடான எதையும் வைக்காதீர்கள். 7 என்பது மற்ற பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்த கலவைக் கணக்கு. பிபிஏ (பிஸ்பினால் ஏ) என்ற வேதிப்பொருள் கொண்டு செய்யும் பாலிகார்பனேட்டும் அதில்தான் வரும். குழந்தைகளின் பால்போத்தலில் பிபிஏவை மலேசியா 2012இல் தடை செய்தது. ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று போட்டிருந்தாலும், ஒன்றுமே இறங்காது என்று அர்த்தமில்லை.

3. அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, தண்ணீரில் வைத்து ஆற்றுங்கள். 2 மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டிக்கு (ஃபிரிட்ஜ்) போய்விட வேண்டும். பிளாஸ்டிக்குக்குப் பயந்து ராத்திரி முழுக்க மேசையில் விட்ட கறி எனக்குக் காலையில் நுரைத்திருந்தது.

4. எடுத்து வைக்க என் ஓட்டு கண்ணாடி டப்பாவுக்கே. மூடி பிளாஸ்டிக்காக இருந்தால் கறி தொடாதபடி ஒரு விரல் இடம் விடுங்கள். சுடவைக்கும்போது பீங்கான் தட்டால் மூடினால் போதும். பீங்கான் போலவே இருக்கும் மெலமைன் பிளாஸ்டிக் தட்டு வேண்டாம்.

பிறகு சேர்த்தது: ஐஸ்கிரீம் டப்பா பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நம் வீடுகளில் அதைத் திறந்து ஐஸ்கிரீமைப் பார்த்தவர் யார்? கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய் வையுங்கள். சுடு ரசம் ஊற்றாதீர்கள். இன்னொருவருக்குக் கண்ணாடி டப்பா விரிசல் விட்டதாம். ஃபிரீசரிலிருந்து நேராக மைக்ரோவேவில் வைத்திருக்கிறார். முதல்நாள் இரவே ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிடுங்கள்.