தேய்க்காமல் அழுத்துங்கள்: குவில்ட் தையலுக்குச் சின்ன அயர்ன்

துணியைத் 'தேய்ப்பது' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். சட்டைக்கு அது சரி. குவில்ட்டுக்காக, அதாவது சின்னத் துணித் துண்டுகளை இணைத்துச் செய்யும் போர்வைக்காக, தைத்த துண்டுகளுக்கு அந்தச் சொல்லே ஆகாது. அயர்னை முன்னும் பின்னும் இழுத்தால் துணியும் கூடவே இழுபடும், சதுரம் கோணலாகும். வைக்க வேண்டும், அழுத்த வேண்டும், எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நீளமான கைப்பிடியும் இரண்டு விரல் அகலத் தகடும் உள்ள சின்ன அயர்ன் எனக்குப் பிடித்துப்போனது இதனால்தான். அந்தத் தகட்டில் இழுத்துத் தேய்க்க இடமே இல்லை.

முன்பெல்லாம் பத்துப் பதினைந்து துண்டுகளைத் தைத்துக் குவித்துவிட்டு, பெரிய அயர்னில் ஒரே மூச்சாகத் தேய்ப்பேன். 2½ அங்குலச் சதுரங்கள் ஒன்பதைச் சேர்த்தால் கிடைக்கும் கட்டம், அதாவது பிளாக், 6½ அங்குலம் வர வேண்டும். எனக்கு 6⅜ தான் வந்தது. தையலுக்கு விட்ட கால் அங்குலம் சரியாகவே இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. தையல் கோட்டை ஒட்டித் துணி முழுசாகத் திறக்காமல், மெல்லிய உதடு மாதிரி மடிந்து கிடந்தது. ஒரு தையலுக்கு 1/16 அங்குலம் என்றால் வரிசைக்கு இரண்டு தையல், 1/8 அங்குலம் போய்விட்டது. அப்படி எட்டு பிளாக்குகளை வரிசையாக இணைத்தால் ஓர் அங்குலமே காணாமல் போகும், அளந்து வெட்டிய பார்டர் பொருந்தாது. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான்: ஒரு தையலின் குறுக்கே இன்னொரு தையல் போகும் முன் முதல் தையல் நன்றாகப் படிந்திருக்க வேண்டும்.

அதற்கு அயர்ன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். என் தையல் மெஷினுக்கு வலப்புறம், கை நீட்டினால் எட்டும் இடத்தில், ஒரு மரப்பலகை. அதன்மேல் அரை அங்குலத் தடிமனில் கம்பளி விரிப்பு. கம்பளி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் துணிக்கு அடியிலிருந்தும் சூடு கிடைக்கிறது. துணி வெட்டப் போடும் பச்சை விரிப்பை (கட்டிங் மேட்) மட்டும் இதற்குப் பயன்படுத்திவிடாதீர்கள். சூடு பட்டால் வளைந்துவிடும், திரும்ப நேராகவே ஆகாது.

துணி லேபிளில் அயர்ன் படத்துக்குள் மூன்று புள்ளி இருந்தால் 200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். இரண்டு என்றால் 150, ஒன்று என்றால் 110. சுத்தப் பருத்திக்கு மூன்று புள்ளிச் சூடு சரி. ஆனால் சின்ன அயர்ன்கள் பலவற்றில் சூட்டைக் கூட்டிக் குறைப்பது பெரியதில் இருக்கும் அளவுக்குத் துல்லியமாக இருக்காது. சும்மா கிடந்த அயர்ன் முதல் தொடுதலில் அதிகச் சூடாக இருக்கும். நாலைந்து தையலை அழுத்தியதும் சூடு இறங்கிவிடும். அதனால் எடுத்ததும் ஒரு வெட்டுத்துண்டின் மேல் வைத்துப் பார்ப்பேன். சூடு இறங்கிவிட்டால் கொஞ்சம் பொறுத்துத்தான் தொடர்வேன்.

இப்போது தையலுக்கு வருவோம். தைத்ததும் துண்டைத் திறக்காதீர்கள். மூடியபடியே விரிப்பில் வைத்து, தையல் கோட்டின் மேல் இரண்டு மூன்று விநாடி அழுத்துங்கள். நூல் துணிக்குள் அமர்ந்துவிடும், தைக்கும்போது விழுந்த சின்னச் சுருக்கமும் போய்விடும். நிறைய பேர் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். அப்புறம், அடர்நிறத் துணி மேலே வரும்படி வைத்து, அதைப் புரட்டித் திறங்கள். நகத்தால் கோட்டை ஒருமுறை நீவிவிடுங்கள். அயர்னின் நுனியை வெளிர்நிறத் துணிமேல், தையலுக்குச் சற்று இப்பால் வைத்து, அந்தக் கோட்டுக்குள் நுழைப்பது போல மெதுவாக அடர்நிறப் பக்கம் சாய்த்து அழுத்துங்கள். உதடு மாதிரி மடிப்பு விழாமல் தடுப்பது இந்தச் சாய்ப்புதான். மூன்று விநாடி கழித்துத் தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். இடது கைவிரலுக்குப் பதில் ஒரு மூங்கில் குச்சியால் துணியை விரித்துப் பிடியுங்கள். அயர்னின் நுனி விரலுக்கு அவ்வளவு அருகில் வரும்.

சூடு ஆறும் முன் துணியைத் தூக்கினால் பாதிப் படிவு போய்விடும். நான் பக்கத்தில் வழுவழுப்பான கட்டைத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். அயர்னை எடுத்ததும் அதைத் தையல்மேல் வைத்து அழுத்திவிட்டு, அடுத்த துண்டைத் தைக்கப் போவேன். மரம் சூட்டையும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும், தையல் தட்டையாக அப்படியே நின்றுவிடும்.

பொதுவாகத் தையலை அடர்நிறப் பக்கம் சாய்ப்பார்கள், வெளிர்நிறத்தின் வழியே நிழல் தெரியக் கூடாது என்று. ஒன்பது சதுர பிளாக்கில் இது வேறொரு விதத்திலும் உதவுகிறது. நான்கு மூலையும் நடுவும் அடர்நிறம் என்றால், முதல் வரிசையிலும் மூன்றாவதிலும் தையல்கள் வெளிப்பக்கம் சாயும், நடு வரிசையில் உள்பக்கம். வரிசைகளை இணைக்கும்போது எதிரெதிர்த் தடிமன்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். விரலால் தடவினாலே 'டக்' என்று உட்காருவது தெரியும். முனைகள் பொருந்த அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நான்கு சதுர பிளாக்கின் நடுப்புள்ளியில்தான் சின்ன அயர்னின் அருமை தெரியும். பின்பக்கம், கடைசித் தையலுக்கு வெளியே விட்ட கால் அங்குலத் துணியில் இருக்கும் முந்தைய தையலில் இரண்டு மூன்று இழைகளைத் தளர்த்திவிட்டு, நான்கு தையல்களையும் காற்றாடி மாதிரி ஒரே திசையில் சுற்றிச் சாய்த்தால், நடுவில் நகக்கண் அளவில் ஒரு குட்டி நான்கு சதுரம் விரியும். அதை நுனியால் ஒரே ஒரு முறை அழுத்தினால் போதும். நான்கு அடுக்கும் ஓரிடத்தில் குவியாததால் பிறகு போர்வையின் அடுக்குகளைச் சேர்த்துக் குவில்ட் தையல் போடும்போது ஊசி முரண்டு பிடிக்காது.

முக்கோணங்கள் சேரும் இடத்தில் நிதானம் வேண்டும். அங்கே வெட்டிய ஓரம் கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, இருக்கும், தொட்டாலே நீளும். ஆவி வேண்டாம். பிடிவாதமான தையல் என்றால் சின்ன பிரஷ்ஷால் கோட்டின் மேல் மட்டும் தண்ணீர் தொட்டு அழுத்துவேன். காகிதத்தின்மேல் தைக்கும் முறைக்கும் ஈரம் கூடாது. காகிதம் சுருண்டுவிடும், அச்சு மை துணியில் ஒட்டவும் வாய்ப்பு உண்டு.

பிளாக் முழுசாக முடிந்ததும் நான் பெரிய அயர்னுக்கே மாறிவிடுவேன். 12 அங்குல பிளாக்கைச் சின்னத் தகட்டால் அழுத்தினால் அங்கங்கே தகட்டின் அச்சு விழும்.

ஒட்டுப்பசை தடவிய துணிக்கு அதே அயர்னைப் பயன்படுத்தினால், தகட்டைக் கொஞ்சம் சூடாக இருக்கும்போதே பழைய பருத்தித் துணியில் துடைத்துவிடுங்கள். பசை காய்ந்து பழுப்பாகிவிட்டால் அடுத்த வெள்ளைத் துண்டில் கறை நிச்சயம்.