பாத்ரூம் கண்ணாடியில படிஞ்ச உப்புக் கறை: கை வலிக்காம எடுக்கறது எப்படி?

போர் தண்ணி வர்ற வீட்ல ஷவர் கண்ணாடி புதுசா இருக்கறது கொஞ்ச நாள்தான். அப்புறம் வெள்ளை வெள்ளையா திட்டு வந்துடும். சோப்பு போட்டு தேச்சா ஈரத்துல பளிச்சுன்னு தெரியும், காஞ்சதும் பழையபடி வந்து நிக்கும். ஏன்னா அது அழுக்கே இல்லைங்க, சுண்ணாம்பு. தண்ணில கரைஞ்சிருக்கற கால்சியம், தண்ணி ஆவியானதும் கால்சியம் கார்பனேட்டா கண்ணாடியில ஒட்டிக்குது. நம்ம ஊர் குடிதண்ணி தரக்கட்டுப்பாடு ஐஎஸ் 10500 படி கடினத்தன்மை, அதாவது இந்த மாதிரி கரைஞ்சிருக்கற உப்போட அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் இருக்கலாம், வேற தண்ணிக்கு வழியில்லைன்னா 600 வரைக்கும் விடறாங்க. அந்த 600 தண்ணி ஒரு லிட்டர் காஞ்சா அரை கிராமுக்கு மேல உப்பு மிஞ்சும், தினமும் குளிக்கற வீட்ல கணக்கு போட்டுக்கோங்க. சோப்பு இதைக் கரைக்காது, புளிப்புதான் கரைக்கும்.

வேண்டியது: வெள்ளை வினிகர், ஸ்ப்ரே பாட்டில், டிஷ்யூ இல்லைன்னா பழைய காட்டன் துணி, ஸ்பாஞ்ச், கிளவுஸ், வைப்பர். வினிகர் வாசனை பிடிக்காதுன்னா மளிகைக் கடையில எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கேளுங்க, ஒரு டம்ளர் வெந்நீர்ல ரெண்டு ஸ்பூன் கரைச்சா போதும், எனக்கு இதுதான் பிடிக்கும், விலையும் கம்மி.

ஸ்டெப் 1: பாத்திரம் கழுவுற லிக்விட் போட்டு கண்ணாடியை ஒரு தடவை கழுவிடுங்க. சோப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் மேல மூடியிருந்தா வினிகர் சுண்ணாம்பைத் தொடவே முடியாது, இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க.

ஸ்டெப் 2: இதுதான் முக்கியமான வேலை. வினிகரை சும்மா அடிச்சா வழிஞ்சு கீழ போயிடும், கண்ணாடி நின்னுட்டு இருக்குல்ல. அதனால டிஷ்யூவை கறை மேல ஒட்டி, அது மேல நல்லா நனையற மாதிரி ஸ்ப்ரே பண்ணுங்க, அரை மணி நேரம் அப்படியே விடுங்க, நடுவுல காயற மாதிரி தெரிஞ்சா திரும்ப நனைங்க. தேய்க்கற வேலையை எல்லாம் இந்த அரை மணி நேரம் பாத்துக்கும்.

இதுல பேக்கிங் சோடாவையும் வினிகரையும் கலந்து நுரை பொங்குற வீடியோ நிறைய சுத்துது. பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு புளிப்பே போயிடும், கறையைக் கரைக்க ஒண்ணும் மிஞ்சாது.

ஸ்டெப் 3: டிஷ்யூவை எடுத்துட்டு ஸ்பாஞ்சால லேசா வட்டமா தேய்ங்க. அடி ஓரத்துல கெட்டியா இருந்தா பழைய ஏடிஎம் கார்டால சுரண்டலாம். கம்பி நார் வேண்டவே வேண்டாம், கீறல் விழுந்துடும்.

ஸ்டெப் 4: கழுவி, வைப்பர் போட்டு, துணியால துடைச்சுக் காயவிட்டுப் பாருங்க. மிச்சம் இருந்தா இன்னொரு தடவை.

கவனமா இருக்க வேண்டியது: வாசப்படி மார்பிள்னா வினிகர் படவே கூடாது, மார்பிளும் சுண்ணாம்புக் கல்லுதான், அரிச்சுடும். முகம் பாக்கற கண்ணாடியில நேரா ஸ்ப்ரே அடிக்காதீங்க, ஓரத்துல இறங்கி பின்னாடி பூச்சு கருத்துடும், துணில தொட்டுத் துடைங்க. குழாய்க்குப் பத்து நிமிஷம் போதும். ப்ளீச்சிங் பவுடர் போட்ட பாத்ரூம்ல வினிகரோ ஆசிட்டோ கிட்டயே கொண்டு போகாதீங்க, குளோரின் வாயு வரும், சின்ன ரூம்ல அது ரொம்ப ஆபத்து.

இவ்வளவு பண்ணியும் மங்கலா இருக்கா? நகத்தால தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா இன்னும் படிவு இருக்கு, ஊற வைங்க. வழவழன்னு இருந்தும் மங்கல்னா கண்ணாடியே அரிச்சிருக்கலாம், அதுக்கு சீரியம் ஆக்சைடுன்னு கண்ணாடியை மெருகேத்தற பவுடர் வச்சு பாலிஷ் போடணும், அதுவும் எல்லாக் கண்ணாடிக்கும் பலிக்காது.

திரும்ப வராம இருக்க, குளிச்சு முடிச்சதும் மேலேர்ந்து கீழ ஒரு இழுப்பு வைப்பர் போடுங்க. வைப்பரை பாத்ரூமுக்கு உள்ளயே கை எட்டற இடத்துல மாட்டுங்க, வெளிய வச்சா யாரும் எடுக்க மாட்டாங்க.