நகத்தில் என்ன கோளாறு? வீட்டு வாசலில் உட்கார்ந்து பார்க்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் யாருக்கு நகம் கெட்டுப்போனாலும் ஒரே பேர்தான், நகச்சொத்தை. அம்மாவுக்கும் நாங்கள் அதையே சொன்னோம். மருந்துக் கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கி இரண்டு வருடம் தடவினார்கள், நகம் மஞ்சளாகி விரலை விட்டுத் தூக்கிக்கொண்டே போனதே தவிர ஒரு பலனும் இல்லை. கடைசியில் ஈப்போவில் தோல் டாக்டர் ஒருவர் நகத்தைப் பார்த்த கையோடு முழங்கையைத் திருப்பிப் பார்த்து, காலையில் எழுந்தால் விரல் மூட்டு விறைக்கிறதா என்று கேட்டார். விறைக்கும், பல மாதமாக. சோரியாசிஸ் அது, தோல் செதில் செதிலாக உரியும் நோய், நகத்தையும் மூட்டையும் பிடிக்கும். முழங்கைச் செதிலையும் மூட்டு வலியையும் நகத்தையும் வீட்டில் நாங்கள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள், விளக்கு வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். மருதாணி அழியாது, அது வளர்ந்து போகும் வரை அந்த நகத்தின் நிறத்தை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். சமையல் மஞ்சளும் ரப்பர் பால் கறையும் மேலே ஒட்டியவை, லேசாகச் சுரண்டினால் போகும். இருபது நகத்தையும் பாருங்கள், வலிக்கிற ஒன்றை மட்டும் அல்ல. அப்புறம் பக்கத்தில் ஒரு 10 சென் காசை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு தடவை அதே மாதிரி எடுங்கள்.

படம் எதற்கு என்றால், நகம் நகர்கிற பொருள். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால்நகம் அதில் பாதிதான். முழுக் கைநகம் மாற ஆறு மாதம், கால் பெருவிரல் நகம் மாற ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும். ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் குறி நகத்தோடு சேர்ந்து நுனிப் பக்கம் நகர்கிறதா, நின்ற இடத்திலேயே நிற்கிறதா, பெரிதாகிறதா?

நகர்ந்து போவது பெரும்பாலும் பழைய சங்கதி. நகத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி இருந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று பிள்ளைக்குப் பால் மாவு வாங்கிக் கொடுப்பார்கள், அப்படி இல்லை, எங்கேயோ இடித்துக்கொண்டது, வளர்ந்து போய்விடும். கடுமையான காய்ச்சலோ பெரிய நோயோ வந்து போனால் நகம் கொஞ்ச நாள் வளராமல் நின்று, குறுக்கே ஒரு பள்ளக் கோடு விழும். கைநகத்தில் அந்தக் கோடு வேரிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் சுமார் இரண்டு மாதத்துக்கு முன்னால் படுத்திருக்கிறீர்கள் என்று கணக்குப் போடலாம். பாலர் பள்ளியில் கை, கால், வாய் நோய் பரவியபின் ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பிள்ளைகளின் நகம் அப்படியே கழன்று விழுவதும் இதே காரணத்தால்தான். பயப்பட வேண்டாம், புது நகம் வரும்.

இனி நின்று பெருகுகிற வகை. உண்மையான நகச்சொத்தை பெரும்பாலும் கால் பெருவிரலில், நுனியிலோ ஓரத்திலோ தொடங்கி வேரை நோக்கி உள்ளே ஏறும். நகம் தடித்து, மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறி, அடியில் மாவு மாதிரி உதிரும். செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டில் நாள் முழுக்க ரப்பர் பூட்ஸுக்குள் ஈரக் காலோடு நிற்பவர்களுக்கு இது அதிகம், விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் கூடவே இருக்கும். ஆனால் பார்வைக்கு இப்படி இருக்கிற நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை என்று தோல் டாக்டர்கள் சொல்வார்கள், அதனால் நகத் துணுக்கைச் சோதித்த பிறகு மருந்து சாப்பிடுவதுதான் சரி. டெர்பினாஃபின் மாத்திரை கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம், ஈரலுக்கு ரத்தச் சோதனை செய்துகொண்டு எடுப்பார்கள். மாத்திரை முடிந்த அன்றைக்கும் நகம் அசிங்கமாகத்தான் இருக்கும், நல்ல நகம் வேரிலிருந்து வளர்ந்து வர ஒரு வருடம் வேண்டும். இது தெரியாமல் மருந்து கேட்கவில்லை என்று மனம் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சோரியாசிஸ் என்றால் நகத்தில் ஊசியால் குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழிகள், நகத்தடியில் எண்ணெய் சிந்தின மாதிரி ஒரு மஞ்சள்-சிவப்புத் திட்டு. இதைப் பார்த்தால் உடனே முழங்கை, முழங்கால், தலைமுடிக்குள் செதில் இருக்கிறதா பாருங்கள், மூட்டு வலியைக் கேளுங்கள். மூட்டை விட்டுவிட்டால் விரல் கோணிப்போகலாம்.

நகச்சுற்று எல்லோருக்கும் தெரியும். நகத்தோரத் தோலைக் கடித்துப் பிய்த்தபின் ஒன்றிரண்டு நாளில் சிவந்து, வீங்கி, விண்விண் என்று தெறித்துச் சீழ் வைக்கும். விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகுவது நம் வீடுகளில் வழக்கம், குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் சீழ் கட்டிவிட்டால் டாக்டர் கீறி எடுக்க வேண்டும். சீழுக்குப் பதில் கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளம் இருந்தால் அது வைரஸ், அதைக் கீறவே கூடாது. நாசி லெமாக் கடையிலும் கேன்டீனிலும் பாத்திரம் கழுவுகிற அக்காமாருக்கு வருவது வேறு மாதிரி. பல வாரமாக நகத்தைச் சுற்றி மெத்தென்று வீங்கி, வேரில் ஒட்டியிருக்கும் தோல் காணாமல் போயிருக்கும். மருந்தைவிடத் தண்ணீரிலிருந்து கையைக் காப்பதுதான் இதற்கு வைத்தியம், உள்ளே பருத்திக் கையுறை, மேலே ரப்பர் கையுறை. ஈரத்திலேயே இருந்து தூக்கிக்கொண்ட நகத்தடியில் பச்சை நிறம் ஏறினால் அது ஒருவகைக் கிருமி, தூக்கிய பகுதியை வெட்டி உலர வைக்க வேண்டும்.

மருந்தடிக்கும் வேலை செய்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லியை வெறும் கையால் கலக்கினால் நகத்தில் வெள்ளைப் பட்டை விழும், நகம் சொரசொரத்துக் கழன்றும் போகும். மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதற்குத் தடை. அதற்கு முன் வருடக்கணக்காக அடித்த பெண்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் நகத்துக்கு டாக்டரிடம் போனால் என்ன வேலை செய்தோம் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இப்போது வேறு மருந்து அடிப்பவர்களும் ஓட்டைக் கையுறையோடு அடிக்காதீர்கள், உள்ளே இறங்கின மருந்து நகத்தைச் சுற்றியே தேங்கும்.

உடம்புக்குள் இருப்பதையும் நகம் காட்டும். நகம் கரண்டி மாதிரி குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும் அளவுக்கு இருந்தால் இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம், மாதவிலக்கு அதிகம் போகிற பெண்கள் ரத்தம் சோதித்துப் பாருங்கள் (கைக்குழந்தையின் கால்நகம் அப்படி இருப்பது இயல்பு). விரல் நுனி பருத்து நகம் உருண்டு வளைந்தால் இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டி வைத்துப் பாருங்கள், நடுவில் வைர வடிவத்தில் சின்னச் சந்து தெரிய வேண்டும். தென்னாப்பிரிக்க இதய டாக்டர் லியோ ஷாம்ரோத் தன் விரலிலேயே கவனித்து 1976-ல் எழுதிய சோதனை இது. சந்து மூடியிருந்தால் நுரையீரலையும் இதயத்தையும் பார்க்க வேண்டும், சிகரெட் பிடிக்கிறவர் என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

கறுப்பு நிறத்தில்தான் நான் ரொம்பக் கண்டிப்பாக இருப்பேன். செம்பனைப் பழக்குலை காலில் விழுந்து ரத்தம் கட்டினால் அந்தக் கறுப்பு நகத்தோடு நகரும், பின்னால் வேரில் நல்ல நகம் தெரியும். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய பழுப்புக் கோடு நெடுக்காக இருப்பதும் சாதாரணம். ஆனால் ஒரே ஒரு நகத்தில் புதிதாக ஒரு கோடு வந்து, அகலமாகிக்கொண்டே போய், நகத்தை ஒட்டிய தோலிலும் கருமை பரவினால் அது மெலனோமா புற்றுநோயாக இருக்கலாம். பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் இதுதான் கண்டுபிடிக்கப்பட்டது, முதலில் பந்து விளையாடிப் பட்ட காயம் என்றே நினைத்திருந்தார். 1981-ல், 36 வயதில் இறந்துபோனார். அப்படிக் கோடு தெரிந்தால் அடுத்த மாதப் படத்துக்குக் காத்திருக்காதீர்கள், அந்த வாரமே போங்கள்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் நகத்தைக் கிண்டவே கூடாது. 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, நம் தோட்டத்து வீடுகளில் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். சதைக்குள் குத்தி வளரும் பெருவிரல் நகத்தை பிளேடால் தோண்டுவது அவர்களுக்குக் காலையே இழக்கும் வழி. மற்றவர்கள் நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையை வளைத்து உள்ளே வெட்ட வெட்டத்தான் குத்தும்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம். போகும் முன் நகப்பூச்சை அழித்துவிடுங்கள், பூஞ்சை மருந்து தடவிக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், சோதனையில் பூஞ்சை தெரியாமல் போகலாம். கைபேசியில் இருக்கும் படங்களைத் தேதியோடு காட்டுங்கள். கால்நகத்துக்காகப் போனாலும் கையையும் முழங்கையையும் காட்டுங்கள்.